அரசு எதிர் வெள்ளை நிறச் சரக்கு வண்டி

பதினோராவது வாய்தாவுக்கும் தவசிக்கனி அண்ணாச்சி வெள்ளை வேட்டிதான் கட்டிக்கொண்டு வந்தார். முதல் வாய்தாவில் அந்த வேட்டியில் கஞ்சி விறைப்பாக நின்றது. இப்போது வேட்டியும் ஆளும் ஒரே அளவுக்குத் தொய்ந்திருந்தார்கள்.

பொருள் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் அன்றைக்கு ஒன்பது எதிரிகள். ஒரு மாடி வீடு. மூன்று தையல் மிஷின்கள், அவை ஒரே வழக்கில் கூட்டாளிகள். ஒரு குளிர்சாதனப் பெட்டி. ஆறாவது வரியில், 'அரசு எதிர் வெள்ளை நிறச் சரக்கு வண்டி ஒன்று.' தவசிக்கனியின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர் வாதியும் இல்லை, எதிரியும் இல்லை. மன்றத்துப் பாஷையில் அவர் 'அக்கறையுள்ள நபர்'. பதினாலு மாசமாக அக்கறை காட்டியதில் இரண்டு ஜோடிச் செருப்பு போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தையல் மிஷின்களின் அக்கறையுள்ள நபர். கையில் வெறும் நூல்கண்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பேசாம விட்டுரலாம்னு பாக்கேன் அண்ணாச்சி," என்றாள். "மிஷின் விலைக்கு மேல பஸ்சுக்கே குடுத்தாச்சு."

"என்ன கேஸு?"

"திருட்டுத் துணி தைச்சுச்சாம். துணி யாருதுன்னு மிஷினுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன். தெரியும்னு அதுவே சொல்லிட்டு."

தவசிக்கனி தலையை ஆட்டினார். ஆறுதல் சொல்லும் சரக்கு அவரிடம் தீர்ந்து எட்டு வாய்தா ஆகிறது.

பொருள்மேல் வழக்குப் போடும் சட்டம் பழசுதான். வண்டியையோ வீட்டையோ குற்றவாளி என்று சொல்லிவிட்டால் ஆளைப் பிடித்து நிரூபிக்கும் சள்ளை கிடையாது. அதில் இருந்த ஒரே குறை, எதிரிக்கு வாய் இல்லாததுதான். பதில் சொல்ல முடியாத எதிரியைத் தண்டிப்பது தர்மமா என்று யாரோ நல்ல மனசோடு கேட்கப்போக, அரசாங்கமும் நல்ல மனசோடு யோசித்து, விலை உயர்ந்த எல்லாப் பொருளிலும் ஒரு செவிப்பெட்டி வைத்துவிட்டது. பெட்டி கேட்கும், பார்க்கும், நினைவில் வைக்கும், வாரம் ஒரு தடவை மன்றத்துக்கு அறிக்கை அனுப்பும், கூப்பிட்டால் பேசும். அன்றிலிருந்து ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் கிணற்றடியில்தான். கிணற்றுக்கு மட்டும் இன்னும் பெட்டி வைக்கவில்லை.

தவசிக்கனியின் வண்டியும் தன் அறிக்கையைத் தானேதான் அனுப்பியது. அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை.

வக்கீல் எஸ்தர் வந்து, "கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், வாங்க," என்று எதிர்ச்சாரியிலிருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனாள். கடையில் பழைய பித்தளை பாய்லர். வாசலில் ஒரு தகரப் பலகை: 'இங்கே எதற்கும் காது கிடையாது.' மன்றத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் டீக்கு இரண்டு மடங்கு கொடுத்து அங்கேதான் குடித்தார்கள். பாதி விலை டீக்கு, மீதி பலகைக்கு.

"இன்னிக்கு முடிச்சிருவாங்க அண்ணாச்சி," என்றாள் எஸ்தர். "அதனால கடைசித் தடவையா கேக்கேன். அந்த நாலு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு கூண்டுல ஏறிச் சொல்லிருங்க."

"வக்கீலம்மாவுக்குத்தான் தெரியும்லா."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? நடுவருக்குத் தெரியணும்."

நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் ஐப்பசியில், கரிசல்குளம் ஆட்டுச் சந்தையில் நல்ல மழை. மாடத்தி எட்டு ஆடு கொண்டு வந்திருந்தாள். வாங்க வந்தவர் மதுரைக்காரர், கறிக்கடை மீராசா பாய். தரகு தவசிக்கனி. சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் கிடையாது. தரகரும் வியாபாரியும் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல் பேசும். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐயாயிரமா, ஐம்பதாயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கிற முந்நூறு பேருக்கும் தெரிவது துண்டு மட்டும்தான். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் இருவரும் வண்டிக்குள் ஏறினார்கள். இரண்டு இருக்கைக்கும் நடுவில் கியர்த் தண்டு. கை வைக்கத் தோதான இடம் வேறு இல்லை என்று ஸ்டீயரிங் சக்கரத்தின்மேல் துண்டை விரித்து, சக்கரத்தோடு சேர்த்து விரலைப் பிடித்துப் பேரத்தை முடித்தார்கள். மீராசா பாய் பணத்தை மஞ்சள் பையோடு கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். மாடத்தி வெளியே ஆட்டோடு நனைந்துகொண்டு நின்றாள்.

சட்டத்தில் அதற்குப் பேர் பேசாப் பணம். இன்ன சரக்குக்கு இன்ன விலை என்று ஒரு சொல்கூட இல்லாமல் பெரிய தொகை ஒரு வண்டிக்குள் கைமாறினால், அந்த வண்டி குற்றத்துக்கு உடந்தை. முந்நூறு வருஷமாகச் சந்தை காத்துவந்த மௌனம் ஒரே மழையில் குற்றமாகிவிட்டது.

"ஆடு வித்த பணம்னு சொல்லுங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க. மீராசா பாயும் அதையே சொல்லட்டும். வண்டி வீட்டுக்கு வந்துரும்," என்றாள் எஸ்தர்.

"தொகையைச் சொல்லாம ஆடுன்னு மட்டும் சொன்னா?"

"தொகை இல்லாத விலையை எந்த நடுவர் ஒத்துக்குவாரு?"

"ஒரு தொகையைச் சொல்லிட்டா?"

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தத் தொகையை? பாய் கடைக் கல்லாப்பெட்டியிலயும் செவிப்பெட்டி இருக்கு. அன்னிக்குக் காலையில எவ்வளவு வெளிய போச்சுன்னு அதைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அது பைசா மாறாமச் சொல்லும்."

தவசிக்கனி பாய்லரையே பார்த்தார்.

"அண்ணாச்சி. மாடத்தியக்காகிட்ட எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"டீ ஆறுது, குடிங்க."

எஸ்தர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் நாசரேத்தில் கருவாட்டு வியாபாரி மகள்தான். சில கணக்கு அவளுக்கு முகத்தைப் பார்த்தே விளங்கும்.

மீராசா பாய் பிடித்தது முதலில் ஐந்து விரல், பிறகு நாலு. ஐம்பத்து நாலாயிரம். வண்டியை விட்டு இறங்கி மாடத்தியிடம் தவசிக்கனி சொன்னது ஐம்பது. அதற்குமேல் வெளிப்படையான தரகு ஆயிரத்தையும் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். தரகர்கள் துண்டுக்குள் கொஞ்சம் ஒதுக்குவார்கள் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தரகர், யாரிடம், எவ்வளவு என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையின்மேல்தான் முப்பது வருஷமாகத் தவசிக்கனி கடை விரித்திருந்தார். அது மன்றத் தீர்ப்பில் அச்சாகி வந்துவிட்டால் வண்டி இருந்தும் ஏற்றுவதற்கு ஒரு ஆடு கிடைக்காது.

"தோத்தா என்னாகும்?" என்று கேட்டார்.

"ஏலம். மூடின கவர்ல ஒரே ஒரு விலை எழுதிப் போடணும். மன்றம் ரகசியமா ஒரு அடிவிலை வச்சிருக்கும். அதுக்குக் கீழ எழுதினா வண்டியை நசுக்கிருவாங்க, மறு ஏலம் கிடையாது. அடிவிலைக்கு மேல எழுதினா, மிச்சத்தை அரசாங்கம் எடுக்காது. அது வண்டிக்கே."

"வண்டிக்கேன்னா?"

"எதிரின்னு ஆயிட்டா எதிரியோட உரிமையும் வந்துருதுல்லா. மிச்சத்துல அதுக்கு ரிப்பேர் பாப்பாங்க. அடிவிலை உத்தரவும் அது பேருக்குத்தான் போகும். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பானதும் நாக்கைக் கட்டிருவாங்க."

"நமக்குத்தான் ஒரு உரிமையும் இல்ல."

"நீங்க அக்கறையுள்ள நபர் அண்ணாச்சி," என்றாள் எஸ்தர், சிரிக்காமல்.

*

மன்றத்துக்குள் மின்விசிறி புதுசு. பெஞ்சு புதுசு. நடுவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலிகூட மூன்று வருஷத்துக்கு முன் இதே அறையில் எதிரியாக நின்று தண்டனை வாங்கியதுதான். பறிமுதல் ஆனதில் நல்லதை மன்றமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி. நடுவருக்குச் சளி. காலையிலிருந்து ஐந்து பொருள்களைத் தண்டித்த அலுப்பு அவர் கண்ணில் தெரிந்தது.

வண்டி முற்றத்தில் சங்கிலி போட்டு நின்றது. அதன் குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக உள்ளே வந்தது. வாங்கின புதிதில் அது செய்தி வாசிக்கிறவர்போலத் திருத்தமாகப் பேசும். பதினோரு வருஷம் சந்தையில் நின்றதில் பேச்சு கரிசல்குளத்துக்கு மாறிவிட்டது.

"சம்பவத்தன்னைக்குக் காலையில ரெண்டு பேர் உள்ள ஏறினாங்க. நாலு நிமிஷம் பேச்சு இல்லை," என்றார் அரசு வக்கீல். "அந்த நாலு நிமிஷம் உனக்கு என்ன கேட்டது?"

"மழை கேட்டுது ஐயா."

"வேற?"

"வைப்பர் கேட்டுது. அதுல ரப்பர் போயிட்டு. மாத்தணும்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். பாட்டரியும் சொல்லியிருக்கேன், ரெண்டு வருசமா."

தவசிக்கனி குனிந்துகொண்டார். அடுத்த சந்தைக்குப் பார்க்கலாம், அடுத்த சந்தைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நூறு சந்தை தள்ளியிருப்பார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. விலை, சரக்கு, பேரம், ஏதாவது காதுல விழுந்ததா?"

"விழலை ஐயா."

"என்ன பார்த்தே?"

"துண்டு பாத்தேன். பச்சைக் கரைத் துண்டு."

"அவ்வளவுதான்," என்று அரசு வக்கீல் உட்கார்ந்தார். சட்டம் கேட்கச் சொன்னது காதையும் கண்ணையும்தான். இரண்டையும் கேட்டாகிவிட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நான் ஒரு வார்த்தை சொல்லணும் ஐயா."

மாடத்தி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டும், தலையெல்லாம் புழுதி. அவளை யாரும் வரச் சொல்லவில்லை.

"நீ யாரம்மா?"

"ஆட்டுக்காரி ஐயா. பதினெட்டு வருசமா அண்ணாச்சி கையிலதான் ஆட்டைக் குடுக்கேன். என் வீட்டுக்காரரு செத்தப்போ சந்தையில பாதிப் பேரு என் ஆட்டை அடிச்சு வாங்கத்தான் பாத்தாங்க. இவரு ஒருத்தருதான் சொன்ன விலையை அப்பிடியே கொண்டாந்து குடுத்தாரு. இவரு வண்டி தப்புப் பண்ணியிருக்காது."

"சம்பவம் நடந்தப்போ வண்டிக்குள்ள இருந்தியா?"

"இல்ல ஐயா. வெளிய மழையில ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்போ உனக்கு ஒண்ணும் தெரியாது. உட்காரு." நடுவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தவசிக்கனியைப் பார்த்தார். "அக்கறையுள்ள நபர் ஏதாவது சொல்றீங்களா? எதுக்காக, எவ்வளவு. ரெண்டே வார்த்தை. நானும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகணும்."

தவசிக்கனி கூண்டில் ஏறினார். எதிரே எஸ்தர் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மாடத்தி, தன் சொல்லில் காரியம் பாதி முடிந்துவிட்ட தெம்பில், அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுங்க.

"மழை பெஞ்சுது ஐயா," என்றார். "சும்மா இருந்தோம்."

எஸ்தர் பேனாவை மூடினாள். தீர்ப்புக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் மாடத்தி பின்னாலேயே ஓடிவந்தாள். "ஆடு வித்த பணம்னு சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. நானே சொல்லியிருப்பேனே, அம்பதுன்னு. அந்தாளு உக்காரச் சொல்லிட்டாரு."

"விடு மாடத்தி."

"உங்களுக்குச் சூதுவாது தெரியல," என்றாள் அவள் வருத்தத்தோடு. "பஸ்சுக்கு இருக்கா?"

இருக்கிறது என்றார். இருந்தும் அவள் அவருக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள்.

*

ஏலம் ஒரு மாதம் கழித்து. அந்த மாதம் முழுக்கத் தவசிக்கனி வாடகை வண்டியில் ஆடு ஏற்றினார். கிடைத்த தரகு வாடகைக்கே சரியாக இருந்தது. வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். பேசினால் வீட்டிலிருக்கிற கிரைண்டருக்குக் கேட்கும்.

பணம் இருந்தது. எவ்வளவு எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. பதினோரு வருஷ ஓட்டத்துக்கு ஒன்றரை லட்சம் என்றான் ஒரு மெக்கானிக். அரசாங்கம் அநியாயமாகப் போடும், இரண்டே கால் என்றான் இன்னொருவன். குறைத்து எழுதினால் வண்டி தகரக் கட்டியாகும். கூட்டி எழுதக் கையில் வளையல் மிச்சம் இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவனுடைய கடைசி விலையை அவன் விரலில் தொட்டுப் பார்த்து அறிந்த மனுஷனுக்கு, கையும் விரலும் இல்லாத ஒரு எதிராளி.

ஏலத்தன்று பறிமுதல் கொட்டடியில் நூற்றுக்கு மேல் வண்டிகள் வெயிலில் நின்றன. காவலாளி சாவியைக் கொடுத்தான். "அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்து பாக்கலாம். ஓட்டக் கூடாது. அதுகிட்ட பேசினாலும் பதில் வராது, நாக்கைப் புடுங்கியாச்சு."

தவசிக்கனி ஏறி உட்கார்ந்தார். ஆட்டு வாடை அப்படியே இருந்தது. திட்ட வேண்டும் என்று பதினைந்து மாசமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. ஆனால் நாக்கைப் புடுங்கினாலும் காது இருக்கிறது. திட்டினால் அதற்கு ஒரு வழக்கு வரும்.

வேர்த்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டைப் பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங் சக்கரத்தின்மேல் போட்டுவிட்டு, அதன் அடியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சக்கரம் அதிர்ந்தது.

ஓட்டுகிறவன் கண் அசந்து பிடி தளர்ந்தால் சக்கரம் அதிர்ந்து எழுப்பிவிடும். எல்லா வண்டியிலும் உள்ளதுதான். தூங்குகிறேன் என்று நினைக்கிறது போல, என்று எண்ணிப் பிடியை இறுக்கினார். அதிர்வு நிற்கவில்லை. ஆனால் அது எழுப்புகிற அதிர்வாகவும் இல்லை. இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி. ஒரு தடவை. இடைவெளி. நாலு தடவை.

பிறகு மறுபடியும். இரண்டு. ஒன்று. நாலு.

தவசிக்கனி கண்ணைத் திறக்கவில்லை. வெளியே காவலாளி பீடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மழை நாளில் மீராசா பாயின் விரலும் அவர் விரலும் இந்தச் சக்கரத்தின்மேல்தான் கிடந்தன. காதில் விழவில்லை என்று வண்டி சொன்னது நிஜம். கண்ணுக்குத் துண்டு மட்டும் தெரிந்தது என்பதும் நிஜம். கையில் பட்டதைப் பற்றி ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருக்க அது யாரிடம் படித்தது என்று அவருக்கு விளங்கியபோது, பதினைந்து மாசத்துக் கோபம் பையில் ஓட்டை விழுந்த மாதிரி இறங்கிப்போனது.

இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் என்று எழுதிக் கவரை ஒட்டினார். அது போக மடியில் மிஞ்சியது ஐந்தாயிரத்துச் சொச்சம்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெயர் வாசித்தார்கள். வண்டி அவருக்கே. மெக்கானிக் ஒருவன் அதன் நாக்கை மறுபடி பொருத்தி, முன்மூடியைத் திறந்து எதையோ மாட்டி, ரசீதை நீட்டினான். தவசிக்கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

அடிவிலை: 2,10,000. பெற்றது: 2,14,000. மிச்சம் 4,000, எதிரியின் பராமரிப்புக்கு. எதிரி கேட்டபடி புது பாட்டரி பொருத்தப்பட்டது.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். வண்டியின் முகப்பு விளக்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தையில் முப்பது வருஷம் நின்ற ஆள். துண்டுக்குள் தன்னிடமிருந்து ஒருவன் ஒதுக்கியது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதுவும் வேறு தொகை இல்லை. அதே நாலு.

ஏறி உட்கார்ந்தார். புது பாட்டரியில் வண்டி உறுமாமல் எழுந்தது.

"வணக்கம் முதலாளி," என்றது வண்டி, ஒன்றுமே தெரியாத குரலில். "எங்க போகணும்?"

கொட்டடி வாசலைத் தாண்டினால் வலப்பக்கம் அவர் வீடு. இடப்பக்கம் எட்டு மைல் போனால் மாடத்தியின் ஊர். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் வாயால் கேட்க முடியாது. வார அறிக்கை போகும்.

தவசிக்கனி துண்டை எடுத்துச் சக்கரத்தின்மேல் விரித்தார். அடியில் கையை விட்டு, இரண்டு விரலை வைத்து அழுத்தினார்.

சக்கரம் நாலு தடவை அதிர்ந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று விரலை வைத்தார். நல்ல தரகன் எவனும் இதோடு ஒத்துக்கொள்வான்.

நாலு.

"பிடிவாதம் பிடிச்ச கழுதை," என்று முணுமுணுத்தார். அறிக்கையில் போனால் போகட்டும், கழுதைக்கு இன்னும் வழக்கு வரவில்லை. பிறகு கட்டைவிரலை ஒதுக்கிவிட்டு நாலு விரலையும் சேர்த்து வைத்தார்.

இடப்பக்க விளக்கு மினுங்கத் தொடங்கியது.